உப்பு கொட்டக் கொட்ட ஏறாத 2600: குளோரின் பெட்டி காட்டும் அளவை நம்பலாமா?

தோப்புவீடு_ஆனைமலை | ஆகஸ்ட் 22, இரவு 9:40

வணக்கம்ங்க. அம்பராம்பாளையத்துக்கும் மீனாட்சிபுரத்துக்கும் நடுவில் எங்கள் தென்னந்தோப்புக்குள் நாலு அறை கட்டி விருந்தினர்களைத் தங்க வைக்கிறோம். கூடவே ஒரு நீச்சல் குளம். பத்து மீட்டர் நீளம், நாலரை மீட்டர் அகலம், ஒரு பக்கம் நாலடி, மறுபக்கம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் 60,000 லிட்டர் பிடிக்கும். உப்புத் தண்ணீரிலிருந்து தானே குளோரின் எடுக்கும் பெட்டியும், அதோடு சேர்ந்த செல்லும் (தண்ணீர் ஓடும் குழாயில் இருக்கும் பிளேட்டுக் கூடு) பொருத்தி ஐந்து வருஷம் ஆகிறது. இதுவரை பெரிய தொந்தரவு இல்லை.

ஆடி மழை ஓய்ந்ததும் பெட்டியில் உப்பு 2400 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2400 பங்கு) என்று காட்டியது. 3200 வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. மழையில் குளம் வழிந்து உப்பு போயிருக்கும் என்று நினைத்து 50 கிலோ மூட்டை ஒன்றைப் போட்டேன். ஒரு நாள் முழுக்க பம்பை ஓடவிட்டேன். 2500 ஆனது. இன்னொரு மூட்டை போட்டேன். இன்று 2600. உப்பு குறைவு என்கிற விளக்கு இன்னும் எரிகிறது. நிழல் பக்கச் சுவரில் கை வைத்தால் வழுக்க ஆரம்பித்துவிட்டது.

ஓணத்துக்குப் பாலக்காட்டிலிருந்து மூன்று குடும்பம் குழந்தைகளோடு வருகிறார்கள். குளத்து வேலை பார்க்கிறவரைக் கேட்டால் "செல் போச்சு, புதுசு போடுங்க" என்று போனிலேயே முடித்துவிட்டார். செல் விலை கொஞ்சநஞ்சம் இல்லை. மூன்றாவது மூட்டை திண்ணையில் இருக்கிறது. போடலாமா?

கொழிஞ்சாம்பாறை_வயரிங் | ஆகஸ்ட் 22, இரவு 10:15

அண்ணா, அந்த மூட்டை திண்ணையிலேயே இருக்கட்டும்.

முதலில் கணக்கைப் பாருங்க. 1000 லிட்டரில் 1 கிலோ உப்பு கரைந்தால் 1000 பிபிஎம் ஏறும். உங்கள் குளத்துக்கு 60 கிலோ போட்டால் 1000 ஏற வேண்டும். நீங்கள் போட்டது 100 கிலோ. அப்படியானால் 1650-க்கு மேல் ஏறியிருக்க வேண்டும். பெட்டி 200 தான் ஏறியது என்கிறது. உப்பு ஆவியாகிப் போகிற பொருள் இல்லை. வழிந்தாலோ கசிந்தாலோ ஒழிய அது குளத்தில்தான் இருக்கும். ஆகவே பொய் சொல்வது தண்ணீர் இல்லை, பெட்டி.

இந்தப் பெட்டிகள் உப்பை நேராக அளப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. செல்லுக்குள் இருக்கும் டைட்டானியம் பிளேட்டுகளுக்கு சுமார் 24 வோல்ட் டிசி கொடுக்கிறது. எத்தனை ஆம்பியர் ஓடுகிறது, தண்ணீர் எத்தனை டிகிரி என்று பார்க்கிறது. இந்த மூன்றையும் வைத்து "இவ்வளவு உப்பு இருந்தால்தான் இவ்வளவு ஓடும்" என்று கணக்குப் போட்டு ஒரு எண்ணைக் காட்டுகிறது. மின்சாரம் போகிற வழியில் எங்கே தடை இருந்தாலும் அதையும் உப்புக் குறைவு என்றே எடுத்துக்கொள்ளும். பிளேட்டில் சுண்ணாம்பு, தேய்ந்த பூச்சு, கருகிய பிளக், செல்லுக்குள் காற்று, எல்லாமே அதன் கண்ணுக்கு ஒன்றுதான்.

பெட்டியில் ஒரு பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் வெப்பநிலை, வோல்ட், ஆம்ப்ஸ் வரிசையாக வரும். எழுதி இங்கே போடுங்க.

உடுமலை_பண்ணை | ஆகஸ்ட் 23, காலை 6:30

எங்கள் குளத்தில் ஒரு முறை இதே மாதிரி ஆனது. கல்லுப்பு ஆழப் பக்கத்தில் கரையாமல் குவிந்து கிடந்தது. பிரஷ் போட்டுக் கலக்கிவிட்டதும் எண் ஏறியது. இன்னும் ஒரு மூட்டை போட்டு நன்றாகக் கலக்கிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

தோப்புவீடு_ஆனைமலை | ஆகஸ்ட் 23, காலை 7:50

இறங்கிப் பார்த்துவிட்டேன்ங்க. தரையில் ஒரு பரல்கூட இல்லை. தண்ணீரை வாயில் வைத்தால் முன்பைவிடக் கரிக்கிறது. அதனால்தான் சந்தேகமே வந்தது.

பெட்டியில் எடுத்த கணக்கு: வெப்பநிலை 28. வோல்ட் 24.6. ஆம்ப்ஸ் 3.9. உப்பு 2600 என்று காட்டிய பிறகு இன்னொரு எண் வருகிறது, அது மைனஸ் 2500. மைனஸில் உப்பு எப்படி வரும்?

மூணாறு_மெயின்டனன்ஸ் | ஆகஸ்ட் 23, காலை 8:20

மைனஸைக் கண்டு பயப்பட வேண்டாம் சார். செல் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள சில மணி நேரத்துக்கு ஒரு முறை பிளஸ், மைனஸை மாற்றிக்கொள்ளும். திருப்பி ஓடும்போது அந்த நேரத்து உப்பு அளவை மைனஸ் போட்டுக் காட்டுவது சில மாடல்களின் வழக்கம். இரண்டு பக்கமும் எவ்வளவு வருகிறது என்று தனித்தனியாகக் குறித்து வையுங்கள், பின்னால் உதவும்.

வெப்பநிலை 28 என்பதை ஒரு தெர்மாமீட்டர் வைத்துச் சரிபாருங்கள். நான் இதில்தான் அடிபட்டேன். எங்கள் விடுதிக் குளத்தில் ஒரு டிசம்பரில் தண்ணீர் 16 டிகிரி. சென்சார் பழுதாகி 31 என்று சொல்லிக்கொண்டிருந்தது. சூடான தண்ணீரில் மின்சாரம் சுலபமாக ஓடும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் வித்தியாசம். தண்ணீர் சூடாக இருந்தும் ஆம்ப்ஸ் இவ்வளவுதானா, அப்படியானால் உப்பு குறைவு என்று பெட்டி முடிவு கட்டிவிட்டது. 3200 இருந்த தண்ணீரை 2300, 2400 என்றே காட்டியது. சென்சார் மாற்றியதும் அன்றைக்கே சரியானது. சென்சார் தவறுதலாகக் குளிர் என்று சொன்னால் எதிர்மாறாக உப்பு அதிகம் என்று காட்டும்.

தோப்புவீடு_ஆனைமலை | ஆகஸ்ட் 23, மதியம் 1:05

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர்தான் வீட்டில் இருந்தது, அது உதவவில்லை. பக்கத்துப் பால் பண்ணையில் ஒன்று வாங்கி வந்து வைத்தேன். 27.5. ஆகவே சென்சார் சரி.

ஆனால் வேறு ஒரு பயம் வந்துவிட்டது. ஆர்ஓ தண்ணீரில் கரைந்திருப்பதைப் பார்க்கிற, பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர் ஒன்று சமையலறையில் கிடந்தது. குளத்துத் தண்ணீரில் விட்டேன். 6250 என்கிறது! பெட்டியில் 2600, பேனாவில் 6250. எதை எடுத்துக்கொள்வது?

கம்பம்_வேதியியல் | ஆகஸ்ட் 23, மாலை 5:45

இரண்டையும் இப்போதைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பேனாவும் உப்பை அளப்பதில்லை. அதுவும் மின்கடத்தலைத்தான் அளக்கிறது. அளந்ததை ஒரு எண்ணால் பெருக்கி பிபிஎம் என்று காட்டுகிறது. சில மீட்டர்கள் 0.5-ஆல் பெருக்கும், சில 0.7-ஆல் பெருக்கும். குடிநீரில் இருக்கும் கலவை உப்புகளுக்கு 0.7 பொருந்தலாம். வெறும் சோடியம் குளோரைடுக்கு 0.5-ஐ ஒட்டித்தான் வரும். 3200 பிபிஎம் சோடியம் குளோரைடு கரைசல் 25 டிகிரியில் ஏறக்குறைய 6 மில்லிசீமன்ஸ் மின்கடத்தல் காட்டும், அதாவது 6000 மைக்ரோசீமன்ஸ். 0.5 பேனா அதை 3000 என்று சொல்லும், 0.7 பேனா 4200 என்று சொல்லும். ஒரே தண்ணீர்தான். அதனால் பேனாவை வாங்கியவுடன் நம்பக் கூடாது, அதற்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

செய்முறை சுலபம். ஒரு சுத்தமான வாளியில் 10 லிட்டர் ஆர்ஓ தண்ணீர் பிடியுங்கள். வீட்டுத் தராசில் 32 கிராம் உப்பு நிறுத்துப் போட்டு முழுக்கக் கரையுங்கள். இது 3200 பிபிஎம் கரைசல். உப்பு ஈரமாக இருந்தால் எடையில் தண்ணீரும் சேர்ந்துவிடும், ஆகையால் வாணலியில் போட்டு வறுத்து ஆறவிட்டு நிறுங்கள். இதில் பேனாவை விட்டு வரும் எண்ணைக் குறியுங்கள். அதன் பிறகு குளத்துத் தண்ணீர். இரண்டும் ஒரே சூட்டில் இருக்கட்டும், அதற்குக் குளத்துத் தண்ணீரை ஒரு சொம்பில் எடுத்து வந்து வாளிக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். இரண்டு எண்களின் விகிதம்தான் உங்களுக்கு வேண்டியது.

தோப்புவீடு_ஆனைமலை | ஆகஸ்ட் 23, இரவு 8:30

செய்தேன் சார். மனைவிதான் உப்பை வறுத்து நிறுத்துக் கொடுத்தாள். வாளிக் கரைசலில் 4270. குளத்துத் தண்ணீரில் 6250. 3200-ஐ 6250-ஆல் பெருக்கி 4270-ஆல் வகுத்தால் 4680 வருகிறது.

என் குளத்தில் 4680 பிபிஎம் உப்பு. பெட்டி அதை 2600 என்கிறது. மூன்றாவது மூட்டையையும் போட்டிருந்தால் 5500 தாண்டியிருக்கும்.

உடுமலை_பண்ணை | ஆகஸ்ட் 23, இரவு 9:10

நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நல்லவேளை நீங்கள் கேட்கவில்லை.

கம்பம்_வேதியியல் | ஆகஸ்ட் 23, இரவு 9:25

4680-இல் கொஞ்சம் உங்கள் போர் தண்ணீரின் கடினத்தன்மையும் சேர்ந்திருக்கும். கால்சியம், மெக்னீசியம், சல்ஃபேட் எல்லாமே மின்சாரத்தைக் கடத்தும், பேனா பிரித்துப் பார்க்காது. துல்லியமாக வேண்டுமென்றால் குளோரைடு சோதனைதான். வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பொட்டாசியம் குரோமேட் மஞ்சளில் இருந்து செங்கல் நிறத்துக்குத் திரும்புகிற இடத்தில் நிறுத்துவோம். குளத்துக்கென்று விற்கும் சொட்டு மருந்துப் பெட்டியிலும் இதே தத்துவம்தான். கோவைக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுக்கச் சொல்லுங்கள். அறிக்கையில் குளோரைடு என்று வரும் எண்ணை 1.65-ஆல் பெருக்குங்கள், அது உப்பு.

செங்கோட்டை_நீர் | ஆகஸ்ட் 24, காலை 9:00

சுவர் வழுக்குகிறது என்றீர்களே. ஸ்டெபிலைசர் எவ்வளவு இருக்கிறது?

தோப்புவீடு_ஆனைமலை | ஆகஸ்ட் 24, காலை 9:35

5 கேவிஏ. மோட்டார் ரூமில் பம்புக்கும் பெட்டிக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறோம். சாயங்காலம் இங்கே வோல்டேஜ் 190 வரை இறங்கும்.

செங்கோட்டை_நீர் | ஆகஸ்ட் 24, காலை 9:50

மன்னிக்கவும், நான் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது தண்ணீரில் போடும் ஸ்டெபிலைசர், சயனூரிக் ஆசிட். அது இல்லாவிட்டால் வெயில் பட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் குளோரினில் பெரும்பகுதி போய்விடும். செல் எவ்வளவு உற்பத்தி செய்தாலும் காலையில் செய்ததை மதியம் சூரியன் சாப்பிட்டுவிடும். உப்புக் குளங்களுக்குப் பெரும்பாலான கையேடுகள் 60 முதல் 80 பிபிஎம் வரை சொல்கின்றன. நான் 50-இல் ஆரம்பிக்கச் சொல்வேன், உங்கள் குளத்துக்கு அது 3 கிலோ. கூடிப்போனால் தண்ணீரை மாற்றித்தான் குறைக்க முடியும். இப்போதே போட வேண்டாம், எப்படியும் உப்பைக் குறைக்கத் தண்ணீரை இறக்கப் போகிறீர்கள். இறக்கி நிரப்பிய பிறகு போடுங்கள், இல்லையென்றால் அதுவும் சேர்ந்து வாய்க்காலில் போகும்.

அதுவரை லிக்விட் குளோரின் கேன் வாங்கி மாலையில் ஊற்றிச் சமாளியுங்கள். குழந்தைகள் வருகிறார்கள், இதில் மட்டும் அசட்டை வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை_வயரிங் | ஆகஸ்ட் 24, இரவு 9:30

நேற்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு விஷயம் இடித்தது.

பிளேட்டில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ பூச்சு தேய்ந்திருந்தாலோ பெட்டி குறைவாகக் காட்டும், ஆனால் உப்பு போடப் போட அந்தக் குறைவான எண்ணும் அதே விகிதத்தில் ஏறத்தான் வேண்டும். அண்ணனுடைய குளத்தில் தண்ணீர் பாதிக்கு மேல் உப்பேறியும் பெட்டி 2400-இல் இருந்து 2600-க்குத்தான் வந்தது. ஏதோ ஒன்று ஆம்ப்ஸைக் கூடவிடாமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வயரிலோ பிளக்கிலோ லூஸ் கான்டாக்ட் இருந்தால் இப்படித்தான் நடக்கும். உப்பு கூடுகிற அளவுக்கு மின்சாரம் கூடப் பார்க்கும், கூடுகிறது அந்த இடத்திலேயே சூடாகிக் கழியும், சூட்டில் கான்டாக்ட் இன்னும் கெடும்.

அண்ணா, மெயினை அணைத்துவிட்டு, செல்லில் இருந்து வரும் வயர் பெட்டியில் சொருகும் பிளக்கை உருவிப் பாருங்க. மீட்டர் வைத்துப் பார்க்கிற வேலையை நீங்கள் செய்ய வேண்டாம், பெட்டிக்குள் 230 வோல்ட் இருக்கிறது. சாதாரண கிளாம்ப் மீட்டரும் இதற்கு ஆகாது, அது ஏசி மட்டும்தான் காட்டும். டிசி பார்க்கிற கிளாம்ப் என்னிடம் இருக்கிறது. புதன்கிழமை கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சி வருகிறேன், அப்படியே தோப்புக்கு வந்துவிட்டுப் போகிறேன்.

தோப்புவீடு_ஆனைமலை | ஆகஸ்ட் 25, காலை 8:00

தம்பி, நீங்கள் சொன்னது சொன்னபடி இருக்கிறது. பிளக்கைப் பிடித்து இழுத்தால் வரவில்லை. கொஞ்சம் ஆட்டி ஆட்டித்தான் உருவ வேண்டியிருந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு ஓரம் கருகிய தோசை விளிம்பு மாதிரி பழுப்பாகி உருகியிருக்கிறது. உள்ளே நாலு பின். அதில் ஒன்று கறுத்துப்போய், அடியில் பச்சைக் களிம்பு. பக்கத்துப் பின்னும் லேசாக மங்கியிருக்கிறது. மற்ற இரண்டும் பளபளவென்று புதுசாகவே இருக்கின்றன. ஐந்து வருஷமாகத் தினமும் அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறேன், ஒரு நாளும் பிளக்கைக் கழற்றிப் பார்த்ததில்லை. பெட்டிக்கு நேர் மேலே ஓட்டில் ஒரு விரிசல் இருக்கிறது, சாரல் அதன் வழியாக வந்திருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை_வயரிங் | ஆகஸ்ட் 27, மாலை 6:40

இன்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லோருக்கும் பயன்படும் என்று விவரமாக எழுதுகிறேன்.

ஓட விட்டுப் பார்த்தபோது போர்டில் 24.6 வோல்ட். பிளக்கைத் தாண்டி செல் பக்கம் 19.8 தான். நடுவில் 4.8 வோல்ட் காணாமல் போகிறது. ஓடிக்கொண்டிருந்தது 3.9 ஆம்ப்ஸ். பெருக்கினால் ஏறக்குறைய 19 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்னின் சூடு இரவு பகலாக அந்தப் பின்னில் இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டி போர்டு பக்கத்து வோல்டைத்தான் பார்க்கிறது. செல்லுக்கு 24.6 போகிறது, ஆனாலும் 3.9 தான் ஓடுகிறது, அப்படியானால் உப்பில்லை என்று அது எழுதுவதில் அதன் மேல் தப்பில்லை.

பழைய பிளக்கையும் சாக்கெட்டையும் வெட்டி எடுத்துவிட்டு, வயரை நல்ல செம்பு தெரியும் வரை சீவி, புது கனெக்டர் போட்டு அமுக்கினேன். செல்லையும் கழற்றினோம். பிளேட்டுகளுக்கு நடுவில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிற மாதிரி வெள்ளைச் சுண்ணாம்பு, ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை. ஆசிட்டுக்குப் போகாமல் ஹோஸ் தண்ணீர் பீய்ச்சி, ஈர்க்குச்சியால் மெதுவாகத் தள்ளியதிலேயே பாதி உதிர்ந்தது. தென்னந்தோப்பில் ஈர்க்குச்சிக்குப் பஞ்சமில்லை. ஸ்க்ரூ டிரைவர் போட்டு யாரும் சுரண்டாதீர்கள். அந்தப் பிளேட்டில் பூசியிருக்கும் ருத்தேனியம் பூச்சுதான் செல்லின் உயிர், சுரண்டினால் செல் அன்றோடு சரி.

இப்போது நேர்ப் பக்கம் 6.3 ஆம்ப்ஸ், உப்பு 4200. திருப்பிப் போட்டால் 5.6 ஆம்ப்ஸ், உப்பு மைனஸ் 3700.

கம்பம்_வேதியியல் | ஆகஸ்ட் 27, இரவு 8:00

அருமை தம்பி. ஆம்ப்ஸ்தான் குளோரின் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜோடி பிளேட்டுக்கு நடுவில் ஒரு மணி நேரம் 1 ஆம்பியர் ஓடினால் அதிகபட்சம் 1.32 கிராம் குளோரின் உண்டாகும், இது ஃபாரடே விதியில் இருந்து நேராக வருவது. 3.9-இல் ஓடிய செல் 6.3-இல் தரவேண்டியதில் 60 சதவீதத்தைத்தான் தந்திருக்கிறது. சுவர் வழுக்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மிச்சச் சுண்ணாம்புக்கு ஆசிட் போடுவதாக இருந்தால் ஒரு பங்கு ஆசிட்டுக்கு நாலு பங்கு தண்ணீர். முதலில் தண்ணீர், அதில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் தெறிக்கும். திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. நுரை அடங்கியதும் எடுத்துவிடுங்கள், பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் ஊறவிட வேண்டாம். குளோரின் கேன் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இந்த வேலையைச் செய்யவே கூடாது, இரண்டும் கலந்தால் வருவது விஷ வாயு.

மூணாறு_மெயின்டனன்ஸ் | ஆகஸ்ட் 27, இரவு 8:45

நேரில் 4200, திருப்பினால் 3700. இந்த வித்தியாசம் என் கண்ணில் படுகிறது. போர்டில் திருப்பிப் போடுகிற ரிலேயின் கான்டாக்ட் தீய்ந்திருக்கலாம், அல்லது ஒரு பக்கத்துப் பிளேட்டின் பூச்சு தேய ஆரம்பித்திருக்கலாம். செல் பக்கத்து வோல்ட் இரண்டு திசையிலும் ஒன்றாக இருந்தால் ரிலே சரி, பிளேட்டுதான்.

கொழிஞ்சாம்பாறை_வயரிங் | ஆகஸ்ட் 27, இரவு 9:00

பார்த்தேன் சார், இரண்டு திசையிலும் 24-ஐ ஒட்டியே இருந்தது. பிளேட்டுதான். ஐந்து வருஷம் ஓடிய செல்லுக்கு இது வயசு. அண்ணனிடம் சொல்லிவிட்டேன், இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஓட்டலாம், அதற்குள் பணத்தை எடுத்து வையுங்க என்று.

தோப்புவீடு_ஆனைமலை | ஆகஸ்ட் 29, இரவு 7:30

கோவை போன மச்சான் ஆய்வகத்தில் கொடுத்த பாட்டிலுக்கு முடிவு வந்துவிட்டது. குளோரைடு லிட்டருக்கு 2770 மில்லிகிராம். கம்பம் சார் சொன்னபடி 1.65-ஆல் பெருக்கினால் 4570. வாளியும் பேனாவும் வைத்து எடுத்த 4680-க்கு எவ்வளவு பக்கம் என்று பாருங்கள்!

100 கிலோ போடுவதற்கு முன்னால் குளத்தில் 2900 இருந்திருக்கிறது. அரை மூட்டைகூட வேண்டியிருந்திருக்காது.

இப்போது 3300-க்கு இறக்க வேண்டும். எங்கள் போர் தண்ணீரிலேயே 300 இருக்கிறது. கணக்குப் போட்டால் 18,000 லிட்டர் வெளியே விட்டுப் புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். எங்கே விடுவது? தோப்பிலேயே விடலாமா?

ஆழியாறு_தென்னை | ஆகஸ்ட் 30, காலை 6:10

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தென்னை என்றதும் எழுத வேண்டியிருக்கிறது.

தென்னை உப்பைத் தாங்கும். நம் பக்கத்தில் மரத்துக்கு உப்பு வைக்கிற பழக்கமே உண்டு. ஆனால் ஒரே இடத்தில் 18,000 லிட்டரைத் திறந்துவிட்டால் அந்த இடம் பாழ். அதில் 82 கிலோ உப்பு இருக்கிறது. 120 மரத்துக்குப் பிரித்தால் மரத்துக்கு 150 லிட்டர், 700 கிராமுக்குள் உப்பு. அப்படியானால் பரவாயில்லை என்பேன். அதுவும் ஒரே ஒரு முறை, செம்மண்ணாக இருந்தால் மட்டும். களிமண்ணாக இருந்தால் சோடியம் மண்ணை இறுக்கிவிடும், அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்கவே இறங்காது.

ஊடுபயிராக ஜாதிக்காயோ கோகோவோ வாழையோ இருக்கிறதா? இருந்தால் அந்த வரிசைப் பக்கம் ஒரு சொட்டும் போகக் கூடாது. ஜாதிக்காய்க் கன்றை ஏழெட்டு வருஷம் வளர்த்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். செல்லை இரண்டு நாள் அணைத்து, வெயிலில் குளோரின் போன பிறகு இறக்குங்கள்.

தோப்புவீடு_ஆனைமலை | ஆகஸ்ட் 30, காலை 7:00

கிழக்குப் பாதியில் ஜாதிக்காய் நிற்கிறதுங்க. மேற்குப் பாதி வெறும் தென்னை, செம்மண். அங்கே 130 மரம் இருக்கிறது. டேங்கில் பிடித்து ஹோஸில் மரம் மரமாக விடச் சொல்கிறேன். ஆனால் ஓணத்துக்கு முன் முடியாது. 4570-இல் குளிப்பதால் யாருக்கும் கெடுதல் உண்டா?

செங்கோட்டை_நீர் | ஆகஸ்ட் 30, காலை 7:40

உடம்புக்கு ஒன்றும் இல்லை. கடல் நீர் 35,000 பிபிஎம், கண்ணீரே 9000-ஐ ஒட்டி இருக்கும். ஸ்டீல் ஏணிக்கும் கரைக் கல்லுக்கும்தான் நாள்பட்டால் கேடு. உப்பு மிகுந்தால் சில பெட்டிகள் ஆம்ப்ஸ் தாங்காமல் தானே அணைந்துகொள்ளும், அதை மட்டும் கவனியுங்கள். பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) பாருங்கள், இந்த வகைக் குளங்களில் அது மேலே மேலே போகும். 7.8 தாண்டவிடாதீர்கள், தாண்டினால் பிளேட்டில் மறுபடி சுண்ணாம்பு.

தோப்புவீடு_ஆனைமலை | செப்டம்பர் 11, இரவு 8:15

ஓணம் நல்லபடியாக முடிந்தது. குழந்தைகள் மூன்று நாளும் தண்ணீரை விட்டு ஏறவில்லை. சுவர் வழுக்கல் போய்விட்டது, காலையும் மாலையும் குளோரின் பார்த்தேன், ஒரு நாளும் 2 பிபிஎம்முக்குக் கீழே வரவில்லை.

திங்கள், செவ்வாய் செல்லை அணைத்துவிட்டு, நேற்றும் இன்றும் 18,000 லிட்டரை மேற்குத் தோப்பில் விட்டோம். நிரப்பி, கலக்கி, வாளிக் கரைசலையும் மறுபடி புதுசாகச் செய்து பார்த்ததில் குளம் 3350. செல்லைப் போட்டதும் பெட்டி நேரில் 3080, திருப்பினால் 2700 என்கிறது. நாளை 3 கிலோ ஸ்டெபிலைசர்.

இரண்டு பக்கத்துக்கும் சராசரி பார்த்தால் பெட்டி இன்னும் சுமார் 450 குறைவாகத்தான் சொல்கிறது. செல் வயசுக்கு அது சரி என்று எடுத்துக்கொண்டு, மோட்டார் ரூம் கதவில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பேனாவில் எவ்வளவு, பெட்டியில் இரண்டு பக்கமும் எவ்வளவு, ஆம்ப்ஸ் எவ்வளவு என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் எழுதுகிறோம். ஓட்டு விரிசலையும் அடைத்தாயிற்று.

கொழிஞ்சாம்பாறை_வயரிங் | செப்டம்பர் 11, இரவு 9:00

சந்தோஷம் அண்ணா. அந்த நோட்டில் ஆம்ப்ஸ் 4-க்குக் கீழே போனால் என்னைக் கூப்பிடுங்க. புது செல் வாங்கும் நாளில் பெட்டி மெனுவில் செல் மாடலைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய மாடலிலேயே விட்டுவிட்டால் புது செல்லுக்கும் உப்பு தப்பாகத்தான் காட்டும்.

தோப்புவீடு_ஆனைமலை | அக்டோபர் 26, காலை 10:20

ஐப்பசி மழை மூன்று நாளாக விடவில்லை. குளம் இரண்டு முறை வழிந்தது. வாளிக் கரைசலோடு ஒப்பிட்டுப் பேனாவில் இன்று 2950, பெட்டியில் 2690, மைனஸ் 2370. ஆம்ப்ஸ் 4.1. இந்த முறை உண்மையிலேயே உப்பு குறைந்திருக்கிறது. 250 ஏற்ற 15 கிலோ. திண்ணையில் இருந்த அந்த மூட்டையைப் பிரித்துத் தராசில் நிறுத்துப் போட்டேன்.